பின்னால் கட்டிய கைகள்

அவருடைய கைகள் எப்போதும் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். பரீட்சை அறையில் மேற்பார்வைக்கு வந்த டீச்சரைப் போல, இடது மணிக்கட்டை வலது கையால் பிடித்துக்கொண்டு, அந்த நீள அறையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். சுவரோரம் ஐந்தாறு பேர் தங்கள் கழுத்தோடு பாடுபட்டுக்கொண்டிருப்பார்கள். அவர் யார் கழுத்தையும் தொடமாட்டார். "செய்யுங்க, நான் பாத்துட்டிருக்கேன்" என்பார். உண்மையாகவே பார்த்துக்கொண்டிருப்பார். ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கும்போதுகூட, பின்னால் ஒருவருடைய தோள் காதை நோக்கி ஏறினால் அவருக்குத் தெரிந்துவிடும். "தோள இறக்குங்க. இது கழுத்தோட வேலை. தோளு சிபாரிசுக்கு வர வேண்டாம்."

நான் தினமும் டயரி எழுதுகிறவன். அந்த வருஷத்து டயரியில் அவரைப் பார்க்கப் போன கிழமையும் நேரமும் இருக்கின்றன. அவர் எப்படிப்பட்டவர் என்று ஒரு வரி இல்லை. பிடிக்காத ஒருவரை உட்கார்ந்து வர்ணிக்க அன்று மனம் வரவில்லை. இப்போது வருகிறது. பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். அங்கே வந்த யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை. எல்லாருக்கும் அவர் 'பிசியோ'.

கொச்சியில், மட்டாஞ்சேரியில் ஒரு தலையணைக் கடையின் மாடியில் அவருடைய இடம். அந்தப் பெண்ணுக்கு வயது முப்பதைத் தொட்டிருக்கும். பள்ளுருத்தியிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். அம்மா பாலக்காட்டுத் தமிழ்க்காரர் என்பதால் எங்களோடு தமிழ் பேசுவார். எழுதப் படிக்க மலையாளம்தான். மற்ற இடங்களில் இருப்பதுபோல அங்கே கரண்ட் வைக்கும் மெஷின் இல்லை, கழுத்தைக் கட்டித் தூக்கும் கயிறு இல்லை. பாய்கள், துண்டுகள், தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள், ஜன்னல் கம்பியில் கட்டிய கறுப்பு ரப்பர் பட்டைகள். பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் வாங்கி, நீளவாக்கில் வெட்டி, சோப்புப் போட்டுக் கழுவி, பவுடர் பூசி அவரே செய்தவை. முதல் தடவை படியேறிப் பார்த்தபோது, ஆஸ்பத்திரிக்கு வந்தோமா, ஒர்க்‌ஷாப்புக்கு வந்தோமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

வலி எனக்கில்லை, என் மனைவிக்கு. அவள் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் டிடிபி வேலை பார்க்கிறாள். கையால் எழுதிய தாள் மேஜையில் இடது பக்கம் கிடக்கும், கம்ப்யூட்டர் நேரே இருக்கும். இடது பக்கம் குனிந்து பார்ப்பது, நிமிர்ந்து அடிப்பது, மறுபடி குனிவது. வருஷக்கணக்கில் இதுதான். ஒன்பது வருஷமாகக் கழுத்து வலி. மாத்திரை, பெல்ட், விதவிதமான தலையணைகள் எல்லாம் பார்த்தாயிற்று. எதுவும் நிலைக்கவில்லை. நிலைத்தது ஒன்றுதான். தினமும் சாயங்காலம் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுச் சுடவைத்து, நான் அவள் கழுத்தில் தடவிவிடுவேன்.

அந்த நேரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபின் வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் துறைமுகத்தில் சரக்கு சரிபார்க்கிறவன். பகலெல்லாம் பெட்டிகளோடு பேசிவிட்டு வருவேன். அவள் என் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்காருவாள். முகம் பார்க்காமல் பேசுவதில் ஒரு சௌகரியம் உண்டு. அன்றைக்கு அடித்த பத்திரிகைகள், வந்தவர்கள் போட்ட சண்டை, தன் பெயர் சிறிதாக இருக்கிறது என்று கோபித்த மாமன், எல்லாம் அப்போதுதான் வரும். என் கட்டைவிரலுக்கு அந்தக் கழுத்தின் ஒவ்வொரு இடமும் தெரியும். எந்த இடத்தில் அழுத்தினால் பேச்சு நிற்கும், எங்கே இறங்கினால் பேச்சு தொடரும் என்பதும் தெரியும்.

பிசியோவிடம் போகும்போது ஒன்பது வருஷத்து எக்ஸ்ரே, ஸ்கேன், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி ஒரு ஃபைலில் கொண்டுபோனேன். அவர் ஒவ்வொரு படத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பொறுமையாகப் பார்த்தார்.

"நல்லா அடுக்கியிருக்கீங்க சேட்டா."

"தேய்மானம்னு எழுதியிருக்காங்களே?"

"இந்த வயசுல வலியே இல்லாதவங்களப் படம் எடுத்தாலும் நிறையப் பேருக்கு இதத்தான் எழுதுவாங்க. பயப்பட ஒண்ணுமில்ல." ஃபைலை மூடி என் மடியில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அதை அவர் கேட்கவே இல்லை.

கை மரத்துப்போகிறதா, நடையில் தடுமாற்றம் உண்டா என்று விசாரித்தார். சின்னச் சுத்தியலால் முழங்கையில் தட்டிப் பார்த்தார். கை பலத்தைச் சோதித்தார். கழுத்தை மட்டும் அவளையே திருப்பச் சொல்லி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சேச்சி, இந்த வலியால எதெல்லாம் செய்யறத விட்டுட்டீங்க?"

இத்தனை டாக்டர்களும் எங்கே வலிக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

"பின்னாலேர்ந்து யாராவது கூப்பிட்டா திரும்பறத விட்டுட்டேன்" என்றாள் என் மனைவி. "காது கேக்காத மாதிரி போயிருவேன். கர்வம்னு நெனச்சிருப்பாங்க. போட்ல எர்ணாகுளம் போனா இடது ஓரமாத்தான் உக்காருவேன். அப்பதான் பேசறவங்க எல்லாம் வலது பக்கம் இருப்பாங்க." என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "கட்டில்ல இவங்கள வலது பக்கத்துக்கு மாத்தினதும் அதுக்குத்தான்."

கட்டிலில் இடம் மாறியது ஃபேன் காற்றுக்காக என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் சொல்லாத ஒன்றை, முதல் தடவையாகப் பார்க்கும் ஒரு பெண்ணிடம், நான் பக்கத்தில் இருக்கும்போதே சொல்கிறாள். எரிச்சல் அங்கேதான் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

பயிற்சி என்று அவர் சொல்லிக்கொடுத்தது முதலில் ஒன்றுமே இல்லாததுபோல் இருந்தது. மடித்த துண்டைத் தலைக்கு அடியில் வைத்து மல்லாந்து படுக்க வேண்டும். தாடையை லேசாக உள்ளே இழுத்து, தலையை மிக மெதுவாக அசைக்க வேண்டும்.

"ஆமான்னு தலையாட்டற மாதிரி சேச்சி. ஆனா பாக்கறவங்களுக்குத் தெரியக் கூடாது. மாமியார் ஏதாவது சொல்லும்போது மனசில்லாம ஆமாம் போடுவோமில்லையா, அந்த ஆமா."

"அது எனக்கு நல்லாப் பழக்கம்" என்றாள் என் மனைவி. அறையே சிரித்தது. அந்த மாமியார் என் அம்மா என்பது எனக்கு மட்டும்தான் உறைத்தது போலிருக்கிறது.

பிறகு தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்ப்பது, நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தலையால் எதிர்த்துத் தள்ளுவது, டியூப் பட்டையை இழுப்பது, தண்ணீர் பாட்டிலைப் பக்கவாட்டில் தூக்குவது. வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூடும். "வலிக்குதே" என்றால், "கொஞ்சம் வலிக்கலாம். வலிக்குதுன்னா உடையுதுன்னு அர்த்தமில்ல. நாளைக்குக் காலையில எப்படி இருக்குன்னு சொல்லுங்க, அத வச்சுக் கூட்டலாம் கொறைக்கலாம்" என்பார்.

ஒருநாள் என் மனைவியின் கையிலிருந்து பாட்டில் நழுவி என் காலடிக்கு உருண்டு வந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

"சேட்டா, அது சேச்சியோட பாட்டில்" என்றார் பிசியோ.

"அதனாலதான் சேச்சிகிட்ட குடுக்கறேன்."

"சேச்சிக்குக் குனிய முடியும்."

குரலில் கடுமை இல்லை. ஆனால் நான் அந்தப் பாட்டிலை மறுபடி தரையில் வைத்தேன், அவள் குனிந்து எடுத்தாள். அத்தனை பேர் நடுவே கட்டின மனைவிக்கு ஒரு பாட்டில் எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமையில்லை என்று ஆயிற்று.

என் கட்சிக்கு அங்கே ஒருவர்தான். கீழே தலையணைக் கடை வைத்திருந்த ராவுத்தர். கழுத்து வலிக்கென்று விசேஷத் தலையணை விற்கிறவர், தன் கழுத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வருவார்.

"மோளே, கர்க்கடக மாசம். ஊரெல்லாம் எண்ணெ தேச்சு உழிச்சில் நடக்குது. ஒரு தடவு தடவிவிட்டா ஒன் கை தேஞ்சா போவும்?"

"என் கை தேயாது இக்கா. உங்க கழுத்து சோம்பேறியாயிடும்."

"அப்ப எந்தத் தலையணை வச்சுப் படுக்கணும்? அதயாவது சொல்லு."

"எது சுகமோ அது மதி, அது போதும். தலையணை மேல பழி போடாதீங்க."

"கேட்டீங்களா தம்பி?" என்று என் பக்கம் திரும்புவார், கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்து. "மாடியில உக்காந்துக்கிட்டே எங்கடையப் பூட்டிருவா இந்தப் பொண்ணு." திட்டிக்கொண்டே நெற்றியில் கையை வைத்துத் தள்ளுவார். ஒருநாளும் வராமல் இருந்ததில்லை.

வீட்டில் மாற்றம் மெல்ல வந்தது. முதலில் "இன்னைக்கு வேண்டாங்க, எக்ஸர்சைஸ் பண்ணின உடம்பு, அப்படியே இருக்கட்டும்" என்றாள். கிண்ணத்தில் எண்ணெய் ஆறிப்போயிற்று. பிறகு நான் எண்ணெய் வைப்பதையே நிறுத்தினேன். சாயங்காலங்களில் அவள் தரையில் படுத்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் தெரியாத அந்த 'ஆமா'வைப் போட்டுக்கொண்டிருப்பாள். கூடவே உட்கார்ந்து எத்தனை தடவை என்று நான் எண்ணிப் பார்த்தேன். "நீங்க எண்ணாதீங்க, எனக்கு வெப்ராளமா இருக்கு" என்றாள். அவளுக்குப் படபடப்பு வந்தால்தான் இந்த மலையாள வார்த்தை வரும். "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டால், பரவாயில்லை என்பதற்கு மலையாளத்தில் "குழப்பமில்ல." அவ்வளவுதான். அரை மணி நேரப் பேச்சு ஒரு வார்த்தையாகிவிட்டது. சாப்பிடும்போது மட்டும் பேசுவாள். எல்லாம் "பிசியோ சொன்னா" என்று தொடங்கும்.

ஒரு சனிக்கிழமை நான் அவளை அழைத்துவரப் படியேறினேன். மேலே ஒரே சிரிப்பு. என் மனைவி பட்டையை இழுத்தபடியே கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ப்ரூஃப் எல்லாம் பாத்து ஓகே சொல்லிட்டுப் போன ஆளு மறுநாள் திரும்ப வர்றாரு. 'எல்லாம் சரி, மாப்பிள்ளை பேர மட்டும் மாத்திரணும்'கிறாரு. எழுத்துப் பிழையான்னு கேட்டேன். 'இல்ல, மாப்பிள்ளையே வேற'ன்னாரு. அதே பொண்ணு, அதே மண்டபம், அதே முகூர்த்தம்!"

ராவுத்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிசியோ சிரிக்கும்போதும் கைகள் பின்னால்தான் இருந்தன. "சேச்சி, சிரிச்சாலும் தாடை உள்ள இருக்கட்டும்."

நான் வாசலில் நின்றேன். அந்தக் கதையை நான் கேட்டதில்லை. அது என் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து சொல்ல வேண்டிய கதை. அதைக் கேட்டுவிட்டு அவர் அவள் தாடையைத் திருத்துகிறார்.

அடுத்த வாரம் இடப்பள்ளிக்கு ஒரு வேலையாகப் போனவன், அங்கே மாலில் விளையாட்டுச் சாமான் கடைக்குள் நுழைந்தேன். பயிற்சிக்கென்றே செய்த ரப்பர் பட்டைகள் பல நிறத்தில் தொங்கின. பஞ்சர் கடை டியூபை என் மனைவி ஏன் இழுக்க வேண்டும்? பொன்னிறத்தில் ஒன்று பளபளத்தது. மனைவிக்கு வாங்கும்போது பொன்னிறம் இருக்க வேறு எதை எடுப்பது?

"ஜிம்முக்கா சார்?" என்றார் கவுன்டரில் இருந்த பெண்.

"இல்ல, என் வைஃபுக்கு."

அவர் என்னை ஒரு மரியாதையோடு பார்த்தார். காரணம் எனக்கு அப்போது புரியவில்லை.

மனைவி அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள். டியூபை அவிழ்த்துவிட்டு இதை ஜன்னலில் கட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். "நல்லா இருக்கா?" என்றேன். "பின்னே? நீங்க வாங்கினதல்லே" என்றாள். ஒரு வாரம் அதே பட்டைதான். எனக்கு அந்த வாரம் நல்ல வாரம்.

அச்சகத்துக்கு அது வேலை மும்முரமான நேரம். ஆவணியில் சிங்ஙம் பிறந்தால் கல்யாணங்கள். பத்திரிகை எல்லாம் ஆடியிலேயே, கர்க்கடகத்தில், அடித்தாக வேண்டும். ஒரு சாயங்காலம் அவள் கழுத்தை அசைக்க முடியாமல் ஆட்டோவில் வந்து இறங்கினாள். சேலையைக்கூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்து, "கொஞ்சம் எண்ணெ தடவிவிடுங்க" என்றாள்.

எண்ணெய் சுடவைத்தேன். தடவினேன். மெதுவாகப் பேச்சும் வந்தது. அவள் வலியில் இருந்தாள். நான் எவ்வளவோ நாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தேன்.

மறுநாள் நான்தான் முன்னால் படியேறினேன். "உங்க எக்ஸர்சைஸால இப்ப கழுத்தே திரும்பல. நேத்து நான் எண்ணெ தடவினப்புறம்தான் தூங்கினா" என்றேன். அவர் கோபிப்பார், எண்ணெய் கூடாதென்று விவாதிப்பார் என்று வழியெல்லாம் பதில் தயாரித்து வைத்திருந்தேன்.

"நல்ல காரியம் செஞ்சீங்க" என்றார். "சுகமா இருந்துச்சா சேச்சி?"

"இருந்துச்சு."

"சரி. வேலை கூடினா இப்படி வரும், போகும். ரெண்டு நாள் பாதி செஞ்சா மதி. நிறுத்த வேண்டாம். சேட்டன் எப்பவும்போலத் தடவட்டும்."

தயாரித்த பதில்கள் அத்தனையும் என்னிடமே தங்கிவிட்டன. அவர் என்னை ஒரு எதிரியாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு, "என்னென்ன செஞ்சீங்க, காட்டுங்க" என்றார். என் மனைவி பையிலிருந்து பொன்னிறப் பட்டையை எடுத்தாள். பயிற்சி தொடங்கியபின் பிசியோ அன்றுதான் கைகளை முன்னால் கொண்டுவந்து அதை வாங்கி இழுத்துப் பார்த்தார். அவருடைய புஜம் நடுங்கியது.

"சேச்சி, இது எனக்கே முடியல. இதுல நெறத்துக்கு நெறம் பலம் வேற. மஞ்சளிலேர்ந்து தொடங்கணும். இதான் கடைசி. இது யாரு வாங்கினது?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள். "நான்தான். இடப்பள்ளி மாலுக்குப் போயிருந்தேன். பளபளன்னு இருந்துச்சு, வாங்கிட்டேன்."

கட்டிலில் இடம் மாறிய ரகசியத்தைக்கூட அவரிடம் சொன்னவள், இந்த ஒரு பொய்யைச் சொன்னாள். எனக்காக. அன்று அந்த அறையில் நான் நிமிர்ந்து நின்றேன்.

பிசியோ பட்டையை மெதுவாகச் சுருட்டினார். அதை அவளிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார். "சேட்டன் பத்திரமா வச்சுக்கங்க. சேச்சி இந்த அளவுக்கு வரும்போது குடுத்தா மதி." முகத்தில் சிரிப்பு என்று சொல்ல முடியாது. எல்லாம் தெரிந்துவிட்டது என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. அந்தப் பொய்யையும் முழுசாக வைத்துக்கொள்ள விடவில்லை அவர்.

வலி முழுதாகப் போகவில்லை. போகும் என்று அவர் ஒருநாளும் சொன்னதும் இல்லை. ஆனால் என் மனைவி தாளை ஒரு ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வேலை செய்யத் தொடங்கினாள். தெருவில் யாராவது கூப்பிட்டால் திரும்பினாள். அச்சகத்துப் பெண்களோடு எர்ணாகுளத்துக்குப் போட்டில் போய்வந்தாள். எங்கே உட்கார்ந்தாள் என்று நான் கேட்கவில்லை.

அப்புறம் பிசியோவுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்தது. நம் ஊரில் நன்றாகத் தொழில் தெரிந்தவர்களுக்கெல்லாம் கிடைப்பதுதான். கடைசி நாள் எல்லாரும் மாடியில் கூடினோம். ராவுத்தர் கழுத்தைச் சுற்றி மாட்டும் தலையணை ஒன்றைக் கொண்டுவந்தார். "பிளேன்ல ரொம்ப நேரம் உக்காரணும் மோளே. மறுத்துப் பேசாம வச்சுக்க." அவர் மறுத்துப் பேசவில்லை, அங்கேயே கழுத்தில் மாட்டிக்கொண்டார். என் மனைவி அழுதாள். நானும் முகத்தைச் சோகமாகத்தான் வைத்துக்கொண்டேன். படியிறங்கும்போது மனசு லேசாக இருந்தது. இனி அவள் சாயங்காலங்கள் எனக்கு என்று நினைத்தேன்.

அப்படி நடக்கவில்லை. அவர் போனபின்பும் அவள் பாய் விரித்தாள், துண்டை மடித்தாள், பட்டையை இழுத்தாள். எதிரில் நிற்கும் ஆளோடு மல்லுக்கட்டலாம். ஊரில் இல்லாத ஆளை என்ன செய்வது? இப்போது "பிசியோ சொன்னா" என்றுகூட அவள் சொல்வதில்லை. அவர் சொன்னதெல்லாம் அவளுடையதாகவே ஆகிவிட்டிருந்தது.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுக்களையிலிருந்து கற்பூர வாசனை வந்தது. அவள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து என் நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்து, கூந்தலை முன்பக்கம் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வலிக்குதா?" என்றேன்.

"இல்லியே."

"பின்னே?"

"வலிச்சாத்தான் தடவுவீங்களா?"

பேப்பரை மடித்து வைத்தேன். எண்ணெயைத் தொட்டேன். அவள் பேசத் தொடங்கினாள். அழைக்கிறவர்கள் வரிசையில் வீட்டு நாயின் பெயரையும் சேர்க்கச் சொல்லி ஒரு குடும்பம் வந்ததாம். "நாய்க்கு முன்னால சிரஞ்சீவி போடணுமான்னு கேட்டேங்க. அந்த ஆளு உக்காந்து யோசிக்கிறாரு!" நான் சிரித்துக்கொண்டே விரலை மேலிருந்து கீழே இறக்கினேன்.

கழுத்து தோளில் இறங்கும் இடத்துக்கு வந்ததும் விரல் நின்றது. அங்கே ஒரு தசை. நீளமாக, உறுதியாக, உயிரோடு. அழுத்திப் பார்த்தேன், அது என் விரலைத் திருப்பித் தள்ளியது. இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாத இடம் என்று அந்தக் கழுத்தில் ஒன்றுமில்லை. இது எனக்குத் தெரியாது. இந்தக் கழுத்தை ஒருமுறைகூடத் தொடாதவர் இதைச் செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

"என்ன, நிறுத்திட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ சொல்லு, நாய்க்கு என்ன போட்டீங்க?"

அவள் சொன்னாள். அந்த ஓர் இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் தடவினேன்.